வெற்றிலை வைத்து அழைத்த சொற்பொழிவு

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் வாயனசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சரித்திரப் பேச்சு நடக்கும். வாயனசாலை என்றால் நூலகம்தான். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் வீட்டுக்குள் எவ்வளவு தமிழ் பேசினாலும், நாலு பேர் சேர்ந்து நடத்தும் எதற்கும் மலையாளப் பெயர்தான் வைப்போம். பேச்சுக்குக் கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்ததும் சுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் உண்டு. இவ்வளவு இருந்தும் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் கமிட்டிக்காரர்கள், ஒருவர் மைக் செட்காரர்.

நான் தவறாமல் போவேன். குமுளிக்கு அப்பால் ஏலக்காய் மலையில் ஆனைக்கரையில் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மாடு, தென்னை, மாமனாரின் மாத்திரை, மகனின் டியூஷன் என்று ஓடுகிற வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த ஊர்க் குளத்தை எப்படி வெட்டினார்கள், இந்த ஊர்க் காற்று ஏன் இப்படி ஆளைத் தள்ளுகிறது என்று யாராவது ஒருவர் நிதானமாகச் சொல்ல, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கேட்பது எனக்குப் பெரிய சுகம். பேசுகிறவர் கனத்த மலையாளத்தில் பேசினாலும் சுகம்தான். தூங்கினால்கூட அங்கே நல்ல தூக்கம் வரும்.

அந்தச் சுகத்துக்கும் கேடு வந்தது. நானும் போயிருந்த ஒரு கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் கைகளை விரித்துவிட்டார். ஆள் வராத பேச்சுக்கு எதற்கு மைக், எதற்குக் காப்பி என்றார். ஹாலை ஒரு டியூஷன் வாத்தியார் வாடகைக்குக் கேட்கிறாராம். அடுத்த பேச்சுக்கும் ஹால் காலியாக இருந்தால் அதோடு நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அடுத்த பேச்ச நான் பாத்துக்கிறேன். ஹால் ரொம்புதா இல்லையான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோபம் ஆறி, ஆளுக்கு எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் மலையில் இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும், தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து கடைத்தெரு வரை அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். மருத்துவ முகாம் என்றாலும் வருவார்கள், கோயில் விழா என்றாலும் வருவார்கள். அந்தத் தைரியத்தில் இங்கேயும் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டி, ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பலாம் என்றுதான் திட்டமிட்டேன்.

கணவரின் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த தெருவில் இருக்கிறார். நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் பூ கட்டிக்கொண்டே சிரித்தார்.

"சொவத்துல காயிதம் ஒட்டினா எங்கூரு சனம் வருமா அம்மிணி? ஊடு தேடி வந்து கூப்புடாம எவனும் எந்திரிக்க மாட்டான். அவங்கவங்க மருவாதி அவங்கவங்களுக்கு. தாம்பாளத்துல வெத்தலபாக்கு வெச்சுக்க, குங்குமச் சிமிழ எடுத்துக்க. உம்புருசனையும் கூட்டிக்கிட்டு ஊடு ஊடாப் போயிச் சொல்லு. அப்பறம் பாரு."

இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று என் தலையில் நானே தட்டிக்கொண்டேன்.

கணவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். தேங்காய் வியாபாரி வந்தால் விரலைக் காட்டியே விலையை முடித்துவிடுவார். ஆனால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ரெண்டு நாளைக்கு மேல் தாங்க மாட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தாம்பாளத்தோடு கிளம்பினார். தெருவில் இருக்கும் ஒரு வீட்டையும் விடவில்லை. வாயனசாலைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் கோரைப்பாய் விரித்து உட்கார வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள்.

"என்ன விசேசமுங்க? பையனுக்கு ஏதாச்சும் சீருங்களா?"

"இல்லிங்க, வாயனசாலையில பேச்சு. ஞாயித்துக்கெழம காலம்பற பத்தரைக்கு. குடும்பத்தோட வந்துருங்க" என்பேன். கணவர் தாம்பாளத்தை நீட்டுவார். வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "ஆகட்டுமுங்க, கண்டிப்பா வந்தர்றமுங்க" என்பார்கள். எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று எனக்கு ஒரே ஆனந்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுனிலிருந்து பேச்சாளர் வந்துசேர்ந்தார். கல்லூரியில் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவர், அங்கேயே அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த அம்மாள். எங்கள் வாயனசாலையில் முதல்முறையாகத் தமிழில் பேச வந்தவர் அவர்தான். மலைகள் விலகி வழிவிட்ட இந்தப் பாலக்காட்டுக் கணவாயில் ஒரு காலத்தில் போய்வந்த மாட்டு வண்டிகளைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. நான் வாசலில் நின்று வாயைப் பிளந்தேன். பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, இஸ்திரி போட்ட வேட்டி. குழந்தைகளுக்குப் புதுச் சட்டை. ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை. தேங்காய் பழத்தோடு தட்டு, சீப்புச் சீப்பாக வாழைப்பழம், ஒரு வீட்டிலிருந்து பூசணிக்காய். எல்லாவற்றையும் கொண்டுபோய் மேடை மேசையில் அடுக்கினார்கள். பேச்சாளர் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க போனாலும் ஒரு சால்வையைப் போத்தி அனுப்பிடுவா. இங்க என்னடான்னா இத்தனை பிரியமா இருக்கேளே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. தலைவரைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினேன்.

நாற்காலி போதவில்லை. பாய் கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து தரையில் விரித்தோம். பேச்சு ஆரம்பமானது. அம்மாள் அருமையாகப் பேசினார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டிகள் எப்படி வந்தன, புகையிலையும் துணியும் இந்தப் பக்கம் வர, தேங்காயும் மிளகும் அந்தப் பக்கம் போன விதம், எதிர்க்காற்று அடிக்கும் மாதங்களில் மாடுகள் பட்ட பாடு எல்லாம் சொன்னார். ஜனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அடிக்கடி சிலர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்க் கட்டிடத்தைச் சுற்றிவிட்டு வந்தார். இன்னொருவர் என் அருகில் குனிந்து, "பந்தி எங்கீங்க, பின்னாலீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. ஏதோ பேச்சுக்குச் சிரித்து வைத்தேன். அதற்குள் நங்கையா என் முழங்கையைக் கிள்ளி வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"சமையலுக்கு ஆரச் சொன்ன?"

"எந்தச் சமையலு? காப்பியும் பிஸ்கட்டும் வாங்கி வச்சிருக்கேன்."

நங்கையா நெஞ்சில் கை வைத்தார். "வெத்தலபாக்கு வெச்சு ஊட்டோட கூப்புட்டுப்போட்டு, பிஸ்கோத்தக் குடுத்து அனுப்புவியா? இன்னைக்கு ஒரு ஊட்டுலயும் அடுப்புப் பத்த வெக்கலைடி. எல்லாம் இங்க சாப்படலாம்னு வந்திருக்குது."

கல்யாணத்துக்கும் சீருக்கும்தான் அந்த முறை என்று நினைத்திருந்தேன். வெற்றிலை எதற்காக வைத்தாலும் அதற்குப் பின்னால் இலை போட்டாக வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. கமிட்டியில் சொல்லியிருப்பேன் என்று நங்கையா நினைத்திருக்கிறார். நங்கையாவிடம் சொல்லியிருப்பேன் என்று கணவர் நினைத்திருக்கிறார். கேட்டால், "நீ சொல்லியிருப்பீன்னு இருந்தேன்" என்கிறார். இருபது வருடம் வாய் திறக்காத மனிதர் அதற்கு மட்டும் திறந்தார்!

இந்த ஜனம் பசியோடு எழுந்து போனால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். "பரவாயில்லீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதன்பிறகு இந்த வாயனசாலைப் படியை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது. என் ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது. ஹாலை நிரப்பிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு, நிரப்பியதாலேயே கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும்.

அங்கேயே உட்கார்ந்து அழப் பார்த்தேன். நங்கையா அழ விடவில்லை. எதிர்க்கடைப் பாயைக் கூப்பிட்டார். பாய் ஒரு கேள்வியும் கேட்காமல் கடைக்கு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார்.

"அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கங்க. பாத்திரம் எங்க பள்ளிவாசல்ல இருக்கு, நான் சொல்லி அனுப்பறேன். ஆனா சாம்பாரு, பொரியல்னு எறங்குனீங்கன்னா பொழுது போயிரும்."

"அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப்போடலாம். ஒரே சட்டி. நெய்யும் அப்பளமும் இருந்தாப் போதும்" என்றார் நங்கையா. வாழை இலைக்குக் கணவர் தோட்டத்துக்குப் பறந்தார். போகிறபோது நங்கையா என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நீ உள்ள போ. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் பேச்சு முடியப்படாது."

உள்ளே போனால், அம்மாள் முடிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தார். நான் ஒரு துண்டுக் காகிதம் அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவர் பூரித்துப்போனார். தன் பேச்சை இப்படிக் கேட்கிறார்களே என்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், அச்சாணி என்று தொடங்கி இன்னொரு சுற்று வந்தார். பாவம், அவருக்கும் எழுபது வயது. கடைசியில் தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளையாகக் கேரளத்தில் எந்தக் கூட்டமும் பேச்சாளரோடு முடிவதில்லை. ஆசம்சை என்று ஒரு வழக்கம் உண்டு. ஊரில் பதவியில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள், இருக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து வாழ்த்திப் பேசுவார்கள். ரெண்டு வார்த்தை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அவர்களைச் சபிக்காத மாதம் கிடையாது. அன்று ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க" என்றேன் வார்டு மெம்பரிடம்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சாதாரணமாக மைக்கைப் பிடுங்கினால்தான் விடுவார். அன்று எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர். அவரும் அப்படியே. யாராவது தடுத்தால்தான் இவர்களுக்குப் பேச்சு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. தலைவர் மட்டும் எனக்காகக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று போய் அவருக்கே சலித்துவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய் கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் மூன்று கல் வைத்த அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நங்கையா தகர ஷீட்டைப் பிடித்து நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

தலைவர் மைக்கை என் பக்கம் நீட்டினார். "இனி நீங்கதானுங்க" என்றார்.

அதுவரை நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை. நன்றி சொல்வதற்குக்கூட ஏறியதில்லை. எழுந்து நின்றேன். எதிரே பசித்த முகங்கள். குழந்தைகள் சிணுங்கின. மேசையில் இருந்த வாழைப்பழங்களை முதலில் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். பழத் தட்டுகள் தனக்குத்தான் என்று நினைத்திருந்த அம்மாள், கொஞ்சம் திகைத்தாலும், தானும் ஒன்றை உரித்துக்கொண்டார்.

"அம்மா உங்க ஊரு வழியப் பத்திச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தேன். குரல் கிறீச்சிட்டது. "உங்க ஊருக்கு மலையே ஒதுங்கி நின்னு வழி விட்டுச்சு. எங்கூருக்கு அப்படியில்ல. குமுளி மலைய நாங்கதான் ஏறிப் போகணும். இப்ப பஸ்ஸு இருக்கு, கம்பத்துல ஏறினா அரைத் தூக்கத்துல குமுளி வந்துரும். எங்க தாத்தா காலத்துல தோட்ட வேலைக்கு அவுக அம்புட்டுப் பேரும் நடந்தேதான் போனாங்க."

"அம்புட்டுன்னா எம்புட்டுங்க?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்க, சிரிப்பு எழுந்தது. நான் இங்கே வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு இந்தச் சிரிப்பு உண்டு. முன்பெல்லாம் கூசிப் போவேன். அன்று அதற்கு நேரமில்லை.

"ஒரு கூட்டமே போச்சுன்னு வச்சுக்கங்க. புளி, உப்பு, கருவாடு எல்லாம் தலச்சுமை. அட்டை கடிக்கும்னு காலெல்லாம் பொகையில தேச்சுக்கிட்டாங்க. எங்க அப்பத்தா மட்டும், மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிருச்சு. நெறமாசச் சினை மாடு. எல்லாரும் வையிறாங்க. அப்பத்தா கயித்த விடல. பாதி மலை ஏறையில மாடு நின்னுருச்சு. மேலயும் போகல, கீழயும் எறங்கல. அங்கனயே படுத்து, கன்னு போட்டுருச்சு."

ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது. பின்னால் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் திரும்பினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பெரிய பண்ணைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"கெடேரிங்களா, காளங்கன்னுங்களா?"

"கெடேரி."

"அப்பிடிப் போடுங்க!" என்றார் அவர், கன்று அவர் தொழுவத்திலேயே விழுந்ததுபோல.

"நஞ்சுக்கொடி விழுந்துச்சுங்களா ஒழுங்கா?" என்று ஒரு பெண். "சீம்பால என்ன பண்ணுனாங்க?" என்று இன்னொருத்தி. மழை பெய்ததா, தீ மூட்டினார்களா, மலையில் யானை வராதா என்று நாலா பக்கமும் கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சீம்பாலை அங்கேயே கல் கூட்டிக் காய்ச்சி, ஆளுக்கு ஒரு கை தின்றார்களாம். வைதவர்கள்தான் முதலில் கை நீட்டினார்களாம். கூட வந்தவர்கள் இருட்டுவதற்குள் சத்திரத்துக்குப் போகவேண்டும் என்று முன்னால் போய்விட, தாத்தாவும் அப்பத்தாவும் மட்டும் மாட்டோடு நின்றார்கள். கன்றால் காலூன்றி நடக்க முடியவில்லை. தாத்தா தலைப்பாகையை அவிழ்த்துக் கன்றைச் சுற்றி, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.

பேசிக்கொண்டே இருந்தபோது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. கணவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் கரி. கையில் பெரிய கரண்டி. அவருக்குப் பின்னால் நெய்யும் பூண்டும் மணக்கும் அரிசிம்பருப்பின் வாசம் உள்ளே வந்தது.

"சோறாச்சுங்க. எல்லாரும் வரலாமுங்க" என்றார்.

நான் மைக்கைக் கீழே வைக்கப் போனேன். முதுகில் இருந்த பாறாங்கல் இறங்கியது போல் இருந்தது. யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. பெரிய பண்ணைக்காரர் என் கணவர் பக்கம் திரும்பிக் கையை அமர்த்தினார்.

"சித்த இருங்க மாப்ள. கன்னு மலையேறட்டும், அப்பறம் சாப்படலாம்."

"ஆமாமுங்க, அப்பறமுங்க?" என்று கேட்டது பெண்கள் பக்கம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. என் கணவர் என்னையும் ஜனத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறிய அந்தத் தாத்தாவின் பேத்தியைத்தான் அவர் கட்டியிருக்கிறார். இந்தக் கதையை இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"அப்பறம்?" என்றார் அவர்.